“நிறுத்து தம்பி, அது அப்படி இல்லை”

இலங்கை மலையகத்தில் மூத்தவர்களைக் கௌரவிக்க நாம் வைத்திருக்கும் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மேடை போடுவோம். பிளாஸ்டிக் கதிரைகளில் அவர்களை வரிசையாக உட்கார வைப்போம். பொன்னாடை போர்த்துவோம், மாலை போடுவோம், கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழ் ஒன்றைக் கையில் கொடுத்துப் படமெடுப்போம். அதன்பிறகு பிரமுகர்கள் பேசுவார்கள். கௌரவிக்கப்படுகிறவர் ஒரு சொல்லும் பேசமாட்டார்; அவரிடம் யாரும் கேட்கவும் மாட்டார்கள். பொன்னாடை தகரப் பெட்டிக்குள் போய்விடும். சான்றிதழ், வரிசை வீடுகளான லயத்தில், அவருடைய காம்பராச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், “பேரன் வந்தால் வாசித்துச் சொல்வான்” என்பார்.

வாசிக்கத் தெரியாதவருக்கு அவருடைய பெருமையை எழுதிக் கொடுத்துவிட்டு வருவதில் எனக்கு எப்போதும் ஒரு கூச்சம் உண்டு. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்திய வாசிப்பு நாள் அந்தக் கூச்சத்தில்தான் தொடங்கியது. மேடை கிடையாது, பொன்னாடை கிடையாது, பிரமுகர் கிடையாது. அறுபது, எழுபது வயதைத் தாண்டிய ஆண்களும் பெண்களும் தாங்கள் பார்த்த போராட்டங்களைச் சொல்லச் சொல்ல, க. பொ. த. உயர்தரம் முடித்த பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். நவம்பரில் ஒரு ஞாயிறு காலையில், தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளை மடுவத்தில், சொன்னவர்கள் முன்னிலையிலேயே அவற்றைச் சத்தமாக வாசித்தோம். சொன்னவர்களுக்கு ஓர் உரிமை இருந்தது: எந்த இடத்திலும் குறுக்கிடலாம். அவர்கள் சரி என்று சொல்லும்வரை அடுத்த வரிக்குப் போகக்கூடாது.

நவம்பரைத் தேர்ந்தெடுத்ததற்கும் ஒரு கதை இருக்கிறது. அக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். ஆனால் அது பாடசாலைப் பிள்ளைகளுக்கானது. பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, பரிசளிப்பு என்று முடிந்துவிடும். ஐம்பது வயதுக்காரருக்கு அதில் வேலை இல்லை. எங்கள் குழுவிலிருந்த பெண்ணொருத்தி சூரியமல் இயக்கத்தைப் பற்றிச் சொன்னாள். முதலாம் உலகப் போரில் செத்தவர்களின் நினைவாக ஒவ்வொரு நவம்பர் 11ஆம் திகதியும் இங்கே பொப்பிப் பூ விற்பார்கள். அந்தப் பணத்தில் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குப் போய்விடும். இங்கிருந்து போருக்குப் போய்த் திரும்பியவர்களுக்குக் கிடைத்தது சொற்பம். அதை எதிர்த்து 1931இல் முன்னாள் படைவீரர்களின் தரப்பிலிருந்தே சூரியமல், அதாவது நம்முடைய பூவரசம்பூ, அதே நாளில் விற்பனைக்கு வந்தது. 1933க்குப் பிறகு இடதுசாரி இளைஞர்கள் அதை ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாகவே ஆக்கிவிட்டார்கள். சேர்ந்த பணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த பிள்ளையின் படிப்புக்கு உதவினார்கள். படைவீரரின் மதிப்பையும் ஏழைப் பிள்ளையின் எழுத்தையும் ஒரே பூவில் கட்டிய நாள் நமக்கும் பொருந்தும் என்றாள் அவள். யாரும் மறுக்கவில்லை.

“ஆனால் நம்மிடம் படைவீரர் யார்?” என்று ஒருவர் கேட்டார். கண்டியில் இரண்டாம் உலகப் போரில் இறந்த வீரர்களின் மயானம் இருக்கிறது. புல் ஒட்ட வெட்டி, ஒவ்வொரு கல்லிலும் எழுத்துத் தெளிவாக இருக்கும்படி பராமரிக்கிறார்கள், போனவர்கள் பார்த்திருப்பார்கள். அதே போரின்போது, 1942இல் மலாயா ஜப்பானியர் கையில் விழுந்ததும், நேச நாடுகளுக்கு இயற்கை ரப்பர் கிடைக்கும் பெரிய இடம் இலங்கைதான் என்றாகிவிட்டது. மரம் பட்டுப்போனாலும் பரவாயில்லை என்று பால் வெட்டச் சொன்னார்கள், நம்மவர்கள் வெட்டினார்கள். பர்மா விழுந்ததும் அரிசி நின்றது, கோதுமை மா வந்தது. இன்றைக்கும் நம் வீடுகளில் காலையில் ரொட்டி தட்டும் சத்தம் கேட்கிறதே, அதன் வேர் அந்தப் போரில் இருக்கிறது. அந்த உழைப்புக்குக் கல் எதுவும் நடப்படவில்லை. அதைவிடக் கிட்டத்தில், 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிசார் சுட்டுக் கொன்ற கோவிந்தன் இருக்கிறார். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில், காணி பறிபோவதை எதிர்த்தபோது சுடப்பட்ட சிவனு லெட்சுமணன் இருக்கிறார். அவர்கள் காலத்தில் உயிரோடிருந்து, அந்த ஊர்வலங்களில் நடந்து, இன்று இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கிறவர்களே எங்களுக்கு மூத்த வீரர்கள் என்று முடிவு செய்தோம்.

எழுத்துக்கும் தோட்டத்துக்கும் இருக்கும் உறவு விசித்திரமானது. எழுதத் தெரியாத மக்களைக் காகிதத்தாலேயே ஆண்டிருக்கிறார்கள். ‘துண்டு’ முறையை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், அவர் பேரில் இருக்கும் கடன் எவ்வளவு என்று தோட்டத்தை நடத்தும் துரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பார். புதிய தோட்டம் அந்தக் கடனை அடைத்து ஆளை எடுத்துக்கொள்ளும். கடனும் ஆளும் சேர்ந்தே கைமாறுவார்கள். தன் விலை எழுதப்பட்ட காகிதத்தைத் தானே வாசிக்க முடியாது. 1921இல் சட்டம் அதை ஒழித்தது. பிறகு 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. அங்கேயும் காகிதம்தான் கேட்டார்கள். பாட்டன் பிறந்த பதிவு எங்கே, தகப்பன் பிறந்த பதிவு எங்கே? காட்ட முடியாதவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்குப் போட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மீதி 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தது. அதற்கும் விண்ணப்பப் படிவம் உண்டு. படிவத்தில் என்ன எழுதப்பட்டது என்று தெரியாமலே பெருவிரலை மையில் தொட்டவர்களை நான் அறிவேன்.

படிப்பிக்கவும் அவசரப்படவில்லை. 1907இலேயே தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் துரைமார் கல்விக்கு வழி செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. நடைமுறையில் பல இடங்களில் அது ஒற்றை ஆசிரியரும் ஒரு மடுவமும்தான். 1945இல் நாடு முழுவதற்கும் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்குள் வரவில்லை. அவற்றை அரசாங்கம் பொறுப்பேற்க 1970கள்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று எழுபது வயதாகும் பாட்டியின் பாடசாலைப் பருவம் இந்த இடைவெளிக்குள்தான் விழுந்தது. அவரைப் பார்த்துக் ‘கைநாட்டு’ என்று சிரிக்கிறவர்களிடம் இந்த ஆண்டுகளைச் சொல்லுங்கள்.

அதற்காக லயத்துக்கு வாசிப்பே தெரியாது என்று எண்ணிவிட வேண்டாம். வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் லயம் முழுவதும் வாசித்தது. மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து, பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களை ஒருவர் ராகம் போட்டு வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். அடுத்த அடி என்ன என்பது கேட்கிறவர்களுக்கு மனப்பாடம். வாசிக்கிறவர் தடுக்கினால் இருட்டிலிருந்து ஒரு குரல் எடுத்துக்கொடுக்கும். காமன் கூத்துக்காரர்களில் எழுத்து அறியாமலே இரவு முழுவதும் பாட்டைத் தலையில் சுமந்தவர்கள் எத்தனை பேர்! 1930களில் கோ. நடேசய்யர் தோட்டங்களில் தொழிற்சங்கம் கட்டியபோது, அவர் மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடினார். வெளியார் தோட்டத்துக்குள் காலடி வைத்தால் அத்துமீறல் என்று வழக்குப் போடும் காலம் அது. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் உள்ளே போனதாகச் சொல்வார்கள். துண்டுப் பிரசுரத்தை வாசிக்க முடியாத கூட்டத்துக்கு அதே செய்தியைப் பாட்டாகக் கொண்டுபோனவர் மீனாட்சியம்மாள். பிரசுரம் நனைந்துபோனாலும் பாட்டு மலைக்கு மலை நடந்தது.

யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களில் சுருட்டுச் சுற்றும் கைகள் ஓயாதிருக்க, ஒருவர் பத்திரிகையைச் சத்தமாக வாசித்த வழக்கத்தைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். கியூபாவில் ஹவானா நகரச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதலே இது நடந்திருக்கிறது. தொழிலாளர்களே காசு சேர்த்து வாசிப்பவருக்குக் கூலி கொடுத்தார்கள். அடுத்த வருடமே ஆட்சியாளர்கள் அதைத் தடை செய்தார்கள். எதற்குத் தடை செய்தார்கள் என்பதை நம் துரைமாருக்கு விளக்க வேண்டியிருந்திருக்காது. கொழுந்து மலையில் இது சாத்தியமில்லை. நிரை நிரையாகப் பிரிந்து சரிவில் நிற்கும் பெண்களுக்குக் கேட்கும்படி யாரால் வாசிக்க முடியும்? எங்கள் வாசிப்பு ஞாயிற்றுக்கிழமைக்கென்றே ஆனது.

ஆயத்த வேலைகளில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று, ஒலிபெருக்கி. கோவில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டித் தருகிறோம் என்று இளைஞர்கள் ஆசையாக வந்தார்கள். வேண்டாம் என்றேன். ஸ்பீக்கர் கட்டினால் ஆட்கள் அவரவர் காம்பராவில் சமைத்துக்கொண்டே கேட்பார்கள், குறுக்கிட மாட்டார்கள். குறுக்கிடாவிட்டால் அது வானொலி. வாயால் வாசித்தால்தான் நெருங்கி வந்து உட்காருவார்கள். காலை நேரத்தை வைத்துக்கொண்டதும் இதனால்தான். நவம்பரில் பிற்பகல் மழை தகரக் கூரையில் இறங்கிவிட்டால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது.

இரண்டாவது, கண்ணாடி. நாற்பது வயதைத் தாண்டினால் கிட்டப் பார்வை மங்குவது ராஜாவுக்கும் உண்டு, ரோட்டில் நிற்பவனுக்கும் உண்டு. படித்தவர்கள் போய்க் கண்ணாடி வாங்கிக்கொள்கிறோம். லயத்துப் பெண்ணுக்கு அதற்கு ஒரு தேவை வருவதே இல்லை; கொழுந்தைக் கண்ணைவிட விரல் நன்றாகப் பார்க்கும். ஆகவே அவருடைய பார்வை மங்கியதே அவருக்குத் தெரியாது. நகரத்து நடைபாதைக் கடையில் விற்கிற வாசிப்புக் கண்ணாடிகளை வெவ்வேறு அளவுகளில் வாங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தோம். சிவப்புச் சேலை கட்டிய பாட்டி ஒருவர், “எனக்கு எழுத்து வராது சேர்” என்று சொல்லிக்கொண்டே ஒன்றை எடுத்து மாட்டினார். சுவரில் ஒட்டியிருந்த பிரிஸ்டல் அட்டையைப் பார்த்தார். உதடு அசைந்தது. “இது ப. இது ம. இது… கொம்பு போட்டது” என்றார். சின்ன வயதில் தோட்டப் பாடசாலையில் இரண்டாம் வகுப்புவரை இருந்திருக்கிறார். எழுத்து அவரை விட்டுப் போகவே இல்லை, புகைமூட்டத்துக்குள் நின்றிருந்தது. முதியோர் கல்வி என்று திட்டம் போடுகிறவர்கள் அரிச்சுவடிக்கு முன்னால் கண்ணாடிக்குப் பணம் ஒதுக்கட்டும்.

அன்றைய வாசிப்பு 1984ஆம் ஆண்டுக் கதையோடு தொடங்கியது. அந்த ஏப்ரலில் நடந்த வேலைநிறுத்தத்தின் பலனாகத்தான் தோட்டத்துப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்தது. அதுவரை பெண்ணுக்குக் குறைவு. எழுதிவந்த தம்பி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டனர்” என்று வாசித்தான்.

“நிறுத்து தம்பி, அது அப்படி இல்லை” என்றார் முன்வரிசையில் இருந்த ஒருவர். “ஈடுபட்டார்களாம். பிரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) போகாமல் லயத்தில் உட்கார்ந்திருந்தோம். வீட்டில் மா இல்லை. கடைக்காரன் கடன் கொடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு அவித்துக் கொடுத்தோம். அதை எழுது.”

தம்பி அங்கேயே அடித்து எழுதினான். அடுத்த பந்தியில் போராட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் என்று ஒரு தாத்தாவின் பேர் வந்தது. பின்வரிசையில் சிரிப்பு. “அவர் அப்போது கொழும்பில் கடையில் நின்றாரே!” தாத்தாவும் விடவில்லை, வேலைநிறுத்தம் தொடங்கிய சேதி கேட்டு அன்று இரவே தபால் ரயிலில் ஏறி வந்துவிட்டேன் என்றார். வந்தது முதல் நாளா மூன்றாம் நாளா என்று வழக்கு நீண்டது. கடைசியில் “ரயிலில் வந்து சேர்ந்துகொண்டவர்” என்று எழுதச் சம்மதித்தார். பொன்னாடை விழாவில் இது நடக்குமா? அங்கே அவர் தலைவராகவே வீட்டுக்குப் போயிருப்பார்.

அதற்கும் மேலே ஒன்று நடந்தது. சமச் சம்பளம் கிடைத்ததும் எல்லோரும் மகிழ்ந்தார்கள் என்ற வரியை வாசித்தபோது, நன்றாக நரைத்த மாமா ஒருவர் கையை உயர்த்தினார். “எல்லோரும் மகிழவில்லை. பெண்ணுக்கும் எனக்கும் ஒரே சம்பளமா என்று அன்றைக்கு எனக்கு வயிறு எரிந்தது. இருந்ததை எழுதுங்கள்” என்றார். மடுவம் ஒரு கணம் அடங்கியது. அவர் மனைவி அங்கேதான் இருந்தார், வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: “எரிந்ததாம். என் சம்பளத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தவர் நீங்கள்தானே!” சம்பள நாளில் மனைவியின் கூலியையும் கணவனே கையெழுத்துப் போட்டு வாங்குவது தோட்டத்தில் சாதாரண விஷயமாக இருந்தது. சட்டம் தந்த சமச் சம்பளம் பெண்ணின் கையில் சேர்வதற்கு இன்னொரு போராட்டம் தேவைப்பட்டது. அதை எந்தச் சங்கமும் நடத்தவில்லை. இரண்டு பேர் சொன்னதையும் அப்படியே எழுதிக்கொண்டோம்.

இதற்கும் எழுத்தறிவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு: எல்லாத் தொடர்பும் இங்கேதான் இருக்கிறது. திருத்திய வரிகளைப் பெரிய எழுத்தில் அட்டைகளில் எழுதி ஒட்டினோம். சொன்னவருக்கு அந்த வரி ஏற்கெனவே மனப்பாடம். அது அவருடைய வாய்ச்சொல். ஆகையால் அட்டையில் எந்த இடத்தில் என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ‘மரவள்ளி’ என்று தான் சொன்னது எங்கே நிற்கிறது என்று தேடுவார். கண்டுபிடித்ததும் ‘மலை’யிலும் அதே ம இருக்கிறதே என்று பார்ப்பார். ‘பேர்’ என்பதை நாங்கள் கற்பிக்கவே இல்லை. முழு நாள் வேலைக்கு முழுப்பேர், அரை நாளுக்கு அரைப்பேர், பேர் வெட்டினார்கள், பேர் பதிந்தார்கள் என்று தோட்டத்துப் பேச்சில் அது ஓயாமல் வருவதால், அட்டைகளிலும் ஓயாமல் வந்தது. மூன்றாம் அட்டைக்குள் பலரும் அதைத் தூரத்திலிருந்தே காட்டினார்கள். அணில், ஆடு, இலையில் தொடங்கியிருந்தால் அவமானப்பட்டுப் போயிருப்பார்கள். பேரப்பிள்ளையின் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் எந்தப் பெரிய மனுஷி உட்காருவார்?

இதைச் சொல்லும்போது, முன்பு இங்கே நடந்த ஒரு வகுப்பைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. யார் நடத்தினார்கள் என்பது வேண்டாம். கையெழுத்துப் போடக் கற்பித்தார்கள், அவ்வளவுதான். பெண்கள் தங்கள் பேரைக் கோலம் போல வரையப் பழகினார்கள். கைநாட்டு ஒழிந்தது என்று அறிக்கை போயிருக்கும். ஆனால் வாசிக்காத காகிதத்தில் பெருவிரல் வைப்பதற்கும் கையெழுத்து வைப்பதற்கும் என்ன வித்தியாசம்? முன்னதிலாவது “எனக்குத் தெரியாது” என்று சொல்லித் தப்ப இடமிருந்தது.

சிவப்புச் சேலைப் பாட்டிக்கு வருகிறேன். அவருடைய அக்கா ஒப்பந்தத்தின் கீழ் 1970களில் இந்தியாவுக்குப் போனவர். தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில், கூடலூர்ப் பக்கத்தில், மறுபடியும் கொழுந்துதான் பறித்தார். அங்கிருந்து நீலக் கடிதத்தாள்கள் வரும். அக்காவும் யாரையோ எழுதச் சொல்லி எழுதுவித்தது. இவரும் யாரையோ வாசிக்கச் சொல்லிக் கேட்டது. ஒவ்வொரு லயத்திலும் கடிதம் வாசிக்க என்று ஒரு பையன் இருப்பான். நல்ல சேதியைச் சத்தமாகவும் கெட்ட சேதியைப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டும் வாசிக்கப் பழகியவன். “வாசிக்கிற பையனின் கண் ஓடும், வாய் ஓடாது. அப்போதே எனக்குத் தெரிந்துவிடும், எதையோ விடுகிறான் என்று” என்றார் பாட்டி. அந்தக் கடிதங்களை மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார். தான் கண்ணாடி போட்டுப் படிக்க வந்ததே இதற்காகத்தான் என்று பிறகு சொன்னார். மூத்தோர் கௌரவமும் முதியோர் கல்வியும் எங்கள் கவலைகள். அவருக்கு வேறு வேலை இருந்தது.

அந்த வாசிப்பு நாளுக்குப் பிறகும் அட்டைகளைப் படிக்க ஞாயிறு தவறாமல் வந்தார். விரலை எழுத்துக்குக் கீழே வைத்து, ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி, ஒரு சொல் முடிந்ததும் தலையை உயர்த்தி மூச்சு விட்டுக்கொள்வார். மெய்யெழுத்துப் புள்ளிதான் நிறையத் தொல்லை கொடுத்தது. அக்காவுக்காக எழுதியவர் புள்ளியே வைக்காத ஆள். அவ்வளவு காலமாக மறைக்கப்பட்ட வரிகளில் ஒன்றை ஒரு நாள் தானாகவே வாசித்துவிட்டார். சாவுச் சேதி இல்லை, நோய் இல்லை. “ஐம்பது ரூபாய் அனுப்ப முடியுமா?” என்று அக்கா கேட்டிருந்தார். அதை வாசிக்க வேண்டாம் என்று பையனிடம் சொல்லிவைத்தவர் பாட்டியின் கணவர். அவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. பாட்டி அன்று அவரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று சொல்லமாட்டேன். தாத்தாமார்கள் கதை சொல்ல வந்தார்கள், அட்டைப் பக்கம் வரவில்லை. பேரப்பிள்ளைகள் முன்னால் எழுத்துக்கூட்டுவது ஆண்களுக்குப் பெண்களைவிடக் கடினமாக இருக்கிறது. தொழிற்சங்கக்காரர்கள் சிலருக்கு எங்கள்மேல் மனத்தாங்கல். அவர்களுடைய தலைவர் பேர் போதிய தடவை வரவில்லையாம். எழுதிய பிள்ளைகளில் பாதிப் பேர் இப்போது கொழும்பில் வேலைக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த வாசிப்புக்கு எதை எடுப்பது என்பதில் இப்போது சண்டை நடக்கிறது. குடியுரிமை கேட்டு 1986 தைப்பொங்கலோடு தொடங்கிய பிரார்த்தனைப் போராட்டத்தை வாசிக்க வேண்டும் என்பது இளைஞர்கள் கட்சி. கோவில் வாசலில் வேலைக்கு முன்னால் கூடிய அந்தக் காலைகளை நினைவு வைத்திருப்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். பிந்தினால் குறைந்துவிடுவார்கள் என்கிறார்கள். பெண்களோ சேமலாப நிதிப் படிவத்தை, அதாவது வேலையை விட்டபின் கிடைக்கும் சேமிப்புப் பணத்துக்கான படிவத்தை, கொண்டுவாருங்கள், முதலில் அதை வரிவரியாகச் சத்தமாக வாசியுங்கள் என்கிறார்கள். “செத்தவர்களை வாசிப்பதற்கு முன்னால் எங்கள் காசை வாசியுங்கள்” என்று ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார். போராட்ட வரலாற்றின் நடுவில் படிவமா என்று ஒரு தம்பி முகம் சுளித்தான். துண்டுக் காலத்திலிருந்து நம் போராட்டம் எதனோடு என்று அவனுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறேன். நான் பெண்கள் கட்சி. தை மாதத்து முதல் ஞாயிறு, காலை ஒன்பது மணி, படிவம் முதலில், பிரார்த்தனை பிறகு. பிஸ்கட் டப்பாவில் கண்ணாடி தீர்ந்துவிட்டது. வீட்டில் பழையது கிடந்தால் கொண்டுவாருங்கள்.